‘எதையும் சேகரிப்பதில்லை’ என்று எழுதும் முன்

பேரங்காடியில் பானங்கள் அடுக்கியிருக்கும் குளிர்பெட்டி முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பிள்ளையின் கை போவது வண்ணப் படம் போட்ட பொட்டலத்துக்கு. அம்மாவின் கண் போவது மூலையில் இருக்கும் எழுத்துக்கு. ஏ, பி, சி, டி. 2022 டிசம்பர் 30ஆம் தேதி நியூட்ரி-கிரேட் நடப்புக்கு வந்ததிலிருந்து சிங்கப்பூர்க் குடும்பங்களில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. சி, டி தரம் வாங்கிய பானம் அந்த எழுத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டுதான் விற்பனைக்கு வரவேண்டும். டி என்றால் விளம்பரம் செய்யவும் தடை. ஓராண்டு கழித்து பபிள் டீக் கடைகளையும் இது எட்டியது.

அதே அம்மா வீடு திரும்பும் வழியில், எம்ஆர்டியில் பிள்ளை அழாமல் இருக்க ஒரு விளையாட்டுச் செயலியைப் பதிவிறக்கிக் கொடுக்கிறார். சில நொடி வேலை. அந்தச் செயலியின் பக்கத்திலும் இப்படி ஒரு லேபிள் இருக்கிறது. படங்கள், நட்சத்திரங்கள், பாராட்டுரைகள் எல்லாவற்றையும் தாண்டி விரலால் நாலைந்து முறை தள்ளினால்தான் கண்ணில் படும். அதுவரை தள்ளிப் பார்த்தவர்கள் என் நட்பு வட்டத்தில் மிகச் சிலர்.

2020 ஜூன் மாதம் இந்தத் திட்டத்தை அறிவித்தபோது ஆப்பிள் நிறுவனமே உணவுப் பொட்டலத்தின் சத்துப் பட்டியலைத்தான் உவமையாகச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பர் 8 முதல், புதிய செயலியோ பழைய செயலியின் புதுப்பிப்போ, கடைக்கு அனுப்பும் எவரும் ஒரு படிவத்தை நிரப்பியாக வேண்டும். உங்கள் செயலி பயனரிடமிருந்து என்னென்ன எடுக்கிறது? பெயர், தொலைபேசி எண், இருப்பிடம், உடல்நலம், பணவிவரம், தேடியது, வாங்கியது என்று தொடக்கத்தில் 14 வகைகள் இருந்தன. எடுத்ததை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? ஆளோடு சேர்த்து வைக்கிறீர்களா, ஆள் தெரியாமல் வைக்கிறீர்களா? வேறு நிறுவனங்களின் தகவல்களோடு இணைத்து விளம்பரத்துக்காகப் பின்தொடர்கிறீர்களா? இந்தப் பதில்களிலிருந்துதான் அந்தப் பக்கத்தில் நாம் காணும் பெட்டிகள் உருவாகின்றன. ‘உங்களைப் பின்தொடரப் பயன்படுபவை’, ‘உங்களோடு இணைக்கப்பட்டவை’, ‘உங்களோடு இணைக்கப்படாதவை’. ஒன்றுமே எடுக்கவில்லை என்றால் நீல நிறத்தில் ஒரு சரிக்குறி. கூகலும் இதைப் பின்பற்றி 2022 ஏப்ரலில் தன் பிளே ஸ்டோரில் ‘டேட்டா சேஃப்டி’ என்ற பகுதியைத் திறந்தது. நிரப்ப அந்த ஆண்டு ஜூலை 20 வரை தவணை கொடுத்தது.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். ஆமாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்புவது யார்? விற்பவரேதான். லேபிள் அறிமுகமானபோது அதை விரித்துப் படித்தவர்கள் ஒரு சிறிய வரியைப் பார்த்திருப்பார்கள்: இந்தத் தகவலை ஆப்பிள் சரிபார்க்கவில்லை.

விற்பவர் பொய் சொல்லலாம் என்பது எல்லாருக்கும் உடனே தோன்றும் சந்தேகம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நேர்மையான ஆளுக்குக்கூட இந்தப் படிவத்தை உண்மையாக நிரப்புவது எளிதல்ல. அவருடைய செயலிக்குள் என்ன இருக்கிறது என்று பல நேரங்களில் அவருக்கே தெரியாது.

இதை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என்னோடு ஊடகத்துறை படித்த தோழி ஒருத்தியும் அவளுடைய தம்பியும் சேர்ந்து ஒரு பஞ்சாங்கச் செயலி செய்தார்கள். சிங்கப்பூருக்கென்றே கணித்த பஞ்சாங்கம். எண்ணம் அருமையானது. தமிழ்நாட்டில் அச்சிட்ட நாட்காட்டி திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று சொல்லும். அது சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும் கணக்கு. நம் ஊரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது. பகல் பொழுதை எட்டாகப் பிரித்துப் பார்த்தால் இங்கே திங்கட்கிழமை ராகு காலம் ஏறக்குறைய 8.30க்குத்தான் தொடங்கும். எத்தனை புதுமனை புகுவிழா தப்பான நேரத்துக்குப் பயந்து ஒத்திப்போடப்பட்டதோ!

கடைக்கு அனுப்பும் நாள் வந்தது. அறிமுக உரையின் தமிழைத் திருத்திக் கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டாள். உரை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் அந்தப் படிவம். முதல் கேள்வி: உங்கள் செயலி தகவல் சேகரிக்கிறதா?

தம்பி யோசிக்கவே இல்லை. ‘இல்லை’ பக்கம் சுட்டியைக் கொண்டுபோனான்.

“நெசமாவே ஒண்ணும் எடுக்கலையா?” என்றேன்.

“இல்லக்கா. லாகின்கூட இல்ல. பேர் கேக்கல, நம்பர் கேக்கல. நாங்க என்னத்த எடுத்து வெச்சுக்கப் போறோம் லா?”

அவன் பொய் சொல்லவில்லை. அவனிடம் ஒரு பெயர்ப் பட்டியல்கூட இல்லை. ஆனால் படிவத்தின் விளக்கக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. உங்கள் செயலியில் நீங்கள் சேர்த்திருக்கும் மற்றவர்களுடைய நிரல்கள் எடுப்பதற்கும் நீங்களே பொறுப்பு.

செயலி செய்பவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. விளம்பரம் காட்ட ஒரு நிறுவனம் ஆயத்தமாக ஒரு நிரல்தொகுப்பு தருகிறது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ண இன்னொன்று. செயலி திடீரென்று நின்றுபோனால் காரணம் தெரிவிக்க மற்றொன்று. இவற்றை எஸ்டிகே என்பார்கள். தேக்காவில் வாங்கும் கறிமசாலாப் பொட்டலம் மாதிரி. குழம்பு நீங்கள் வைத்ததுதான். ஆனால் விருந்தாளிக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்றால், நான் கடலை போடவில்லையே என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. பொட்டலத்தைத் திருப்பிப் படித்திருக்க வேண்டும்.

படித்தோம். தம்பி சேர்த்திருந்த நிரல்தொகுப்புகள் நான்கு. ஒவ்வொன்றின் ஆவணத்தையும் தேடி எடுத்து, படிவத்தை ஒரு பக்கமும் ஆவணத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். விளம்பரத் தொகுப்பு கைப்பேசியின் அடையாள எண்ணை எடுக்கிறது. இணைய முகவரியை வைத்து ஆள் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று ஊகிக்கிறது. எந்த விளம்பரத்தைத் தொட்டார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதெல்லாம் போகிறது. எண்ணிக்கைத் தொகுப்பும் ஏறக்குறைய அதே கதை. நான்காவது எதற்கு என்று கேட்டேன். தம்பி தலையைச் சொறிந்தான். ஏதோ ஒரு காணொளிப் பாடத்தைப் பார்த்துச் சேர்த்ததாம். அதை நீக்கியபோது செயலியில் ஒன்றுமே குறையவில்லை.

‘எதையும் சேகரிப்பதில்லை’ என்று போயிருக்க வேண்டிய லேபிளில் இப்போது ஆறு வரிகள். தோழியின் முகம் வாடிவிட்டது.

“இதப் பாத்தா யாரு இறக்குவா? நம்ம பாட்டிமாருங்க பயந்துடுவாங்க,” என்றாள்.

அவள் பயம் நியாயமானது. உண்மையைச் சொல்பவர் லேபிள் நீளமாக இருக்கிறது. சொல்லாதவர் பக்கத்தில் நீலச் சரிக்குறி மின்னுகிறது. பார்ப்பவருக்கு இரண்டாமவர்தான் நல்லவராகத் தெரிகிறார்.

நான் அப்போது அவளிடம் சொன்னது இந்த ஊரிலேயே உருவான ஒரு செயலியின் கதை. முஸ்லிம் புரோ. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் செயலி. நம் தமிழ் முஸ்லிம் நண்பர்கள் பலர் கைப்பேசியிலும் இருந்தது, இருக்கிறது. 2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற அமெரிக்க இணைய இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. அப்போது உலகெங்கும் 98 மில்லியன் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்த அந்தச் செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போகிறது, எக்ஸ்-மோடின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள் என்றது செய்தி. ராணுவத்துக்குத் தகவல் விற்றதாகச் சொல்வதை முஸ்லிம் புரோ மறுத்தது. ஆனால் எக்ஸ்-மோடுடனான தொடர்பைத் துண்டிப்பதாக அறிவித்தது. 

தொழுகை நேரம் சரியாகக் காட்ட இருப்பிடம் தேவை. அதில் தவறே இல்லை. நேரம் பார்க்கக் கொடுத்த இருப்பிடம் எந்த வாசல் வழியாக வெளியே போனது என்பதுதான் கேள்வி. எக்ஸ்-மோடும் ஒரு நிரல்தொகுப்பைத்தான் தந்தது. அதே கறிமசாலாப் பொட்டலம். அடுத்த மாதமே ஆப்பிளும் கூகலும் அந்தத் தொகுப்பைத் தங்கள் செயலிகளிலிருந்து நீக்கும்படி உருவாக்குநர்களுக்கு உத்தரவிட்டன. கூகல் ஏழு நாள் கொடுத்தது, ஆப்பிள் இரண்டு வாரம். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், மருத்துவமனை, வழிபாட்டு இடம் போன்றவற்றுக்குப் போய்வந்ததைக் காட்டும் இருப்பிடத் தகவலை விற்க அந்நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

கதையைக் கேட்டதும் தம்பி மெதுவாக, “அக்கா, நம்மளும் லொக்கேஷன் கேக்குறோமே,” என்றான்.

ஆமாம், பஞ்சாங்கத்துக்கும் இருப்பிடம் வேண்டும். சூரிய உதயம் ஊருக்கு ஊர் மாறும் அல்லவா? ஆனால் எவ்வளவு துல்லியமாக வேண்டும்? அவன் எழுதியிருந்தது கட்டட எண் வரை காட்டக்கூடிய துல்லியம். காகிதத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். சாங்கிக்கும் துவாசுக்கும் சூரிய உதயத்தில் இரண்டு நிமிட வித்தியாசம்கூட இல்லை. ஈசூனில் எந்தப் புளோக்கில், எந்த மாடியில் இருக்கிறார் என்று தெரிந்து ராகு காலத்துக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ‘சிங்கப்பூர்’ என்று ஒரு சொல் போதும். அன்று மாலையே அந்த நிரலை எடுத்துவிட்டு ஓர் ஊர்ப் பட்டியலை வைத்தான். சிங்கப்பூர், ஜோகூர் பாரு, கோலாலம்பூர், பினாங்கு, சென்னை, மதுரை. தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். கணக்கு கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறது, வெளியே எதுவும் போவதில்லை. அப்படி வெளியே போகாதது படிவத்தின் பொருளில் ‘சேகரிப்பு’ ஆகாது. லேபிளில் ஒரு வரி குறைந்தது.

இந்தப் படிவத்தின் உண்மையான பயன் எனக்கு அங்கேதான் புரிந்தது. அதைப் படிப்பவரைவிட எழுதுபவரைத்தான் அது அதிகம் கேள்வி கேட்கிறது. இது எதற்கு, இது இல்லாமல் முடியாதா என்று யாராவது ஒருவர் கேட்கும்வரை, துல்லிய இருப்பிடம் கேட்பது தம்பிக்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான். பாடம் சொல்லிக்கொடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதினான்.

விளம்பரம் மட்டும் இழுபறியானது. செயலிக் கடையில் இடம்பிடிக்க ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 அமெரிக்க வெள்ளி கட்ட வேண்டும், கூகலுக்கு ஒரே முறை 25. மற்ற செலவும் உண்டு. விளம்பரத்தை எடுத்துவிட்டால் தோழி கைக்காசு போட வேண்டும். வைத்திருந்தால் லேபிளில் மீதி வரிகளும் நிற்கும். பேசிப் பேசிக் கடைசியில், ஆளைப் பார்த்துக் காட்டும் விளம்பரத்தை நிறுத்திவிட்டுப் பொதுவான விளம்பரத்தை மட்டும் வைப்பது என்று முடிவானது. அதில் வருமானம் குறைவு. ‘உங்களைப் பின்தொடரப் பயன்படுபவை’ என்ற பெட்டி காலியானது. மற்ற பெட்டிகள் காலியாகவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். முழுத் திருப்தி யாருக்கும் இல்லை. தோழிக்கு வருமானம் போன கவலை, எனக்கு அடையாள எண் இன்னும் போகிறதே என்ற உறுத்தல்.

பரிசோதனை என்று ஒன்று இருக்கிறதே, அங்கே பிடித்துவிட மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஆப்பிள், கூகல் இரண்டிலும் செயலியைக் கடையில் வைக்கும் முன் பார்க்கிறார்கள். திறக்கிறதா, நிற்கிறதா, விதிமீறல் ஏதும் வெளிப்படையாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். செயலியிலிருந்து கிளம்பிப் போன தகவல் எங்கோ ஒரு கணினிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதை அங்கிருந்து பார்க்க முடியாது. வீட்டைப் பார்வையிட வருபவர் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்கலாம். சுவருக்குள் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று இடித்தா பார்ப்பார்?

வெளியிலிருந்து சோதித்தவர்கள் கண்டது மகிழ்ச்சி தரவில்லை. லேபிள்கள் வந்த மறுமாதமே, 2021 ஜனவரியில், வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் தொழில்நுட்பக் கட்டுரையாளர் ஜெஃப்ரி ஃபவுலர் சில செயலிகளை எடுத்து, அவை கைப்பேசியிலிருந்து எதை எங்கே அனுப்புகின்றன என்று ஒட்டுப்பார்த்தார். ‘எதையும் சேகரிப்பதில்லை’ என்று சொன்ன சில, அடையாள எண்ணை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று, பிசுபிசுப்பான கூழை விரலால் பிசைவது போன்ற விளையாட்டு. பிள்ளைகள் எம்ஆர்டியில் விளையாடும் அதே ரகம்தான். 2023 பிப்ரவரியில் மொசில்லா அறநிறுவனம் கூகல் கடையின் முன்னணிச் செயலிகள் 40ஐ எடுத்து, லேபிளையும் அந்த நிறுவனங்களே எழுதிய தனியுரிமைக் கொள்கையையும் ஒப்பிட்டது. ஏறக்குறைய 80 விழுக்காட்டில் இரண்டுக்கும் ஏதாவது ஒரு விதத்தில் பொருத்தமில்லை. ஒரே நிறுவனம், ஒரே செயலி, இரண்டு பதில்.

இதில் வஞ்சகம் எவ்வளவு, தம்பி மாதிரித் தலைசொறியல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சொற்களுக்குக் கொடுத்திருக்கும் பொருளிலும் சிக்கல் இருக்கிறது. கூகலின் படிவத்தில் ‘பகிர்தல்’ என்றால் நாம் நினைக்கும் பகிர்தல் அல்ல. செயலியின் சார்பில் வேலை செய்யும் சேவை நிறுவனத்துக்குக் கொடுத்தால் அது பகிர்தலில் சேராது. சட்டப்படி அரசாங்கம் கேட்டுக் கொடுத்தாலும் சேராது.

இந்தக் கடைசி விதிவிலக்கைப் படித்தபோது எனக்கு டிரேஸ்டுகெதர் நினைவுக்கு வந்தது. கொவிட் காலத்தில் நாம் எல்லாரும் கைப்பேசியிலோ கழுத்திலோ சுமந்தது. தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே என்று நமக்குச் சொல்லப்பட்டிருந்தது. 2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றக் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொன்னபோது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தகவலைப் பெற முடியும் என்று உள்துறைத் துணை அமைச்சர் கூறினார். டிரேஸ்டுகெதர் இணையத்தளத்தின் தனியுரிமை விளக்கத்திலும் அன்றே அந்த வரி சேர்க்கப்பட்டது. அப்போது வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிய வாக்குவாதங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். கொலைக் குற்றவாளியைப் பிடிக்கத்தானே என்றவர்களும் உண்டு, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. பிப்ரவரி மாதமே அவசரச் சட்டத்திருத்தம் வந்தது. ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று வரம்பு கட்டினார்கள். கேள்வி எழுந்தது, சட்டம் திருந்தியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் செயலிக் கடையின் லேபிளிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பெட்டி இல்லை.

வானொலியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போட்டி நடத்தும்போது நேயரின் பெயரும் எண்ணும் வாங்கினால், பரிசு சேர்ப்பதற்காக என்று சொல்லித்தான் வாங்குவோம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கேட்பது அதைத்தான். 2012ல் நிறைவேறிய இந்தச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் இருக்கின்றன. எதற்காக எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட வேண்டும். பெரிய நிறுவனம் மீறினால் சிங்கப்பூரில் ஈட்டும் ஆண்டு வருவாயில் 10 விழுக்காடு வரை அபராதம் போகலாம்.

இந்தச் சட்டத்தில் பலர் பயன்படுத்தாத ஒரு வாசல் இருக்கிறது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று நிறுவனத்தை நீங்களே கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர முடியாவிட்டால், எப்போது தர முடியும் என்றாவது அந்த நாட்களுக்குள் எழுதிச் சொல்ல வேண்டும். நியாயமான கட்டணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

கைப்பேசியிலும் சில எளிய வழிகள் உண்டு. ஐபோனில் ஒரு செயலிக்குத் துல்லிய இருப்பிடத்தை மட்டும் மறுத்து, சுமாரான இருப்பிடத்தைக் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டிலும் 12ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஐபோன் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் ‘ஆப் பிரைவசி ரிப்போர்ட்’ என்று ஒன்று உண்டு. அதை முடுக்கிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். எந்தச் செயலி எந்தெந்த முகவரியோடு பேசியது என்று பட்டியல் வரும். நீலச் சரிக்குறி வைத்திருக்கும் விளையாட்டு ஒன்று விளம்பர நிறுவனங்களின் முகவரிகளோடு அடிக்கடி பேசிக்கொண்டிருந்தால், காரணம் கேட்கலாம்.

அப்படி ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் என் அக்கா கடிதம் எழுதினார். அக்கா மகன் போகும் துணைப்பாட நிலையத்துக்குச் சொந்தமாக ஒரு செயலி இருக்கிறது. வீட்டுப்பாடம், மதிப்பெண், வருகைப்பதிவு எல்லாம் அதில்தான். லேபிளில் ‘உங்களோடு இணைக்கப்படாதவை’ என்ற ஒரே ஒரு பெட்டி. பிள்ளையின் பெயரைப் போட்டு மதிப்பெண் காட்டும் செயலி, ஆளோடு எதையும் இணைக்கவில்லை என்றால் எப்படி?

கடிதத்தில் மூன்றே கேள்விகள். இரண்டு வாரம் அமைதி. நினைவூட்டல் அனுப்பிய பிறகு, 27ஆம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். பெயர், பள்ளி, பிறந்த தேதி, மதிப்பெண், வருகை ஆகியவற்றைப் பிள்ளையின் பெயரோடு வைத்திருக்கிறோம் என்றார்கள். கைப்பேசியின் அடையாள எண்ணும் செயலியைப் பயன்படுத்தும் நேரமும் இரண்டு வெளி நிறுவனங்களுக்குப் போவதாகவும், செயலியைக் கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் சேர்த்த தொகுப்புகள் அவை என்றும், கேட்ட பிறகுதான் தாங்களும் விசாரித்ததாகவும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா நம்பவில்லை. நான் நம்புகிறேன். தம்பியின் முகம் என் கண்முன் வந்தது.

அடுத்த புதுப்பிப்பில் லேபிள் மாறியிருந்தது. ஒரு பெட்டி மூன்றாகிவிட்டது. வெளியே போவது நிற்கவில்லை, எழுதி மட்டும் வைத்திருக்கிறார்கள். அக்கா மகன் இன்றும் அதில்தான் வீட்டுப்பாடம் செய்கிறான். வகுப்பில் எல்லாருக்கும் அதுதான். அந்த இரண்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பதற்கான ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக அக்கா இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறார். அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது.